மரத்துக்குப் போகும் பாராட்டு

கையால் செய்த, விலை உயர்ந்த அகூஸ்டிக் கிட்டார்களைப் பற்றி அவற்றை வாசிப்பவர்கள் பேசுவதைக் கொஞ்ச நாள் கவனித்தால் ஒன்று பிடிபடும். பேச்சில் பாதிக்கு மேல் மரம்தான். மஹோகனி என்றால் 'உலர்ந்த' ஒலி. மேப்பிள் என்றால் 'வெளிச்சமான' ஒலி. இந்திய ரோஸ்வுட், அதாவது நம்ம ஈட்டி, 'இருட்டான, கதகதப்பான' ஒலி. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு வந்துவிட்டால் குரலே மாறிவிடும்: கோயில் மணி, கண்ணாடி, கார்வை நிற்கவே நிற்காது. தனக்கு அப்படித் தோன்றியது என்று யாரும் சொல்வதில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற உறுதியோடு சொல்கிறார்கள்.

இந்தக் கருத்துகளைக் கேலி செய்வது சுலபம். பல லட்சம் ரூபாய் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து ஒரு கருவியை வாங்கியவர் அதைச் 'சுமார்' என்று சொல்வாரா என்ன? ஆனால் கேலியோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு கலைப்பொருளை உற்றுக் கேட்டு, கேட்டதைச் சொல்லில் வைக்கும் முயற்சி இது. அப்படியானால் இதுவும் விமர்சனம்தான். விமர்சனத்திடம் கேட்கும் கேள்வியை இதனிடமும் கேட்கலாம்: எதிரில் இருப்பதைப் பார்த்துச் சொல்கிறீர்களா, ஏற்கெனவே கேள்விப்பட்டதைச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்வியை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஃபைல்ட் என்ற பெயரில் கிட்டார் செய்யும் ராஜர் பக்னால் அதற்காக ஆறு கிட்டார்கள் செய்து கொடுத்தார். வடிவமைப்பு ஒன்றே, மேல்பலகையும் ஒரே வகை ஸ்ப்ரூஸ் மரம். முதுகுப் பலகையும் பக்கப் பலகைகளும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். கிட்டார் வாசிக்கும் 52 பேர் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு இவற்றை வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறு கிட்டாருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். இரண்டைக் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னபோதும் திணறல்தான். மணியும் கண்ணாடியும் இருட்டும் வெளிச்சமும் கண்ணைக் கட்டியதும் காணாமல் போயின.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம். இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் கொடுத்த ஸ்பெயின்காரர் அந்தோனியோ தெ தோரெஸ், 1862-லேயே முதுகும் பக்கங்களும் காகித அட்டையால் ஆன ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகையை மட்டும் மரத்தில் வைத்தார். 'சூட்சுமம் மேலேதான் இருக்கு, பார்த்துக்கோ' என்று செய்தே காட்டிய ஆள். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அந்தக் கருவி இன்றும் இருக்கிறது.

அப்படியென்றால் கைவேலைக் கிட்டார் எல்லாம் ஏமாற்றா? சோதனை அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆறையும் செய்தது ஒரே பட்டறை என்பதை மறந்துவிடக் கூடாது. முதுகு மரத்தை மாற்றினால் ஒலி பெரிதாக மாறுவதில்லை என்றுதான் அதிலிருந்து தெரிகிறது. செய்பவரை மாற்றினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

உருக்குத் தந்தி கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. அதைத் தாங்கி நிற்பது 3 மில்லிமீட்டர் அளவே கனமுள்ள மேல்பலகை. கனத்தைக் கூட்டினால் பலகை பத்திரமாக இருக்கும், ஆனால் அதிராது. குறைத்தால் நன்றாக அதிரும், ஒருநாள் வயிறு வீங்கி வளைந்துபோகும். பலகையின் அடியில் ஒட்டியிருக்கும் தாங்குசட்டங்கள்தான் இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்கின்றன. தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும், எந்த ஊர் வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும், உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் கனமாகவே வைத்துவிடும். வருஷத்துக்குச் சில கிட்டார்கள் மட்டும் செய்யும் ஒருவர் கையில் இருக்கும் பலகையைத் தட்டி, வளைத்து, இந்தத் துண்டு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து இழைக்கலாம். இன்னும் ஒரு சீவு சீவலாமா, போதுமா? அந்த முடிவுக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

கலிஃபோர்னியாவின் எர்வின் சொமோகி, இன்று கிட்டார் செய்யும் பலருக்கு ஆசான். அவருடைய புத்தகத்தின் பெயர் 'தி ரெஸ்பான்ஸிவ் கிட்டார்'. தொட்டால் பதில் சொல்லும் கிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். தலைப்பிலேயே மரம் இல்லை பாருங்க. விரலால் மெதுவாகத் தொட்டாலே முழுக்கப் பேசும் என்று கைவேலைக் கிட்டார்களைப் பற்றி வாசிப்பவர்கள் சொல்வார்களே, அந்தக் கருத்துக்குக் காரணம் இருக்கிறது. அதே கருவியைப் பிக் பிடித்து ஓங்கி அடிப்பவர் 'கூழாகிப் போகுது, தனித்தனியா கேக்கல' என்று குறைப்படுவார். அதற்கும் காரணம் இருக்கிறது. லேசான பலகை சீக்கிரமே தன் எல்லையைத் தொட்டுவிடும். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தன் கை எப்படிப்பட்டது என்பதை இரண்டு பேருமே சொல்லாமல் விடுகிறார்கள். அது தெரியாமல் படிக்கிற நமக்கு இரண்டு கருத்தும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகத் தெரிகிறது.

வாசிப்பவரின் காது இருக்கும் இடமும் சாதாரணமானது இல்லை. ஒலி முன்பக்கமாகப் போகிறது, அவரோ கருவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். முதுகுப் பலகையின் அதிர்வு அவர் வயிற்றிலும் நெஞ்சிலும் ஏறுகிறது. கழுத்துக் கட்டையின் வளைவு உள்ளங்கைக்கு ஒத்துப்போனால் கை தளரும், கை தளர்ந்தால் வாசிப்பும் மாறும். கனடாவின் லிண்டா மான்சர், கிட்டார் உடலின் ஆழத்தைத் தடித்த தந்திப் பக்கம் குறைத்து மறுபக்கம் கூட்டும் ஆப்பு வடிவத்தைக் கொண்டுவந்தார். வாசிப்பவரின் கையும் தோளும் சௌகரியமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வடிவம் அது. அப்படி ஒரு கருவியை மடியில் வைத்ததும் 'என்ன ஒரு நாதம்!' என்று ஒருவர் சொன்னால் அதில் எத்தனை பங்கு தோளுக்கு? பிரிக்க முடியாது. பிரிக்கவும் வேண்டாம். ஆனால் மொத்தப் பாராட்டையும் தூக்கி மரத்தின் பெயரில் எழுதிவைப்பதுதான் பிரச்சினை.

பெயருக்கு எவ்வளவு விலை என்பதற்கு ஓர் உதாரணம். பெலீஸ் நாட்டின் சிக்கிபுல் காட்டில் 1965-ல் ஒரு மஹோகனியை வெட்டினார்கள். அது பள்ளத்தில் சாய்ந்து, எடுக்க வழியில்லாமல் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது. பிற்பாடு அறுத்து மேலே கொண்டுவந்தார்கள். மெத்தையில் தையல் போட்டது போல் புடைத்துத் தெரியும் ரேகைகள் கொண்ட அந்த மரத்துக்குக் கிட்டார் உலகில் 'தி ட்ரீ' என்றே பெயர். அதில் செய்த கிட்டாருக்கு விலை எங்கேயோ போய்விட்டது. கண்ணுக்கு அழகுதான், கதையும் நல்ல கதை. ஆனால் அதை வாசித்தவர்கள் எழுதும்போது பள்ளத்தில் கிடந்த காலமெல்லாம் ஒலிக்குள் வந்துவிடுகிறது. காது கேட்டது எது, கதை சொன்னது எது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

இப்போது ஈட்டிக்கு வருவோம். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் ரோஸ்வுட் கிட்டார்களில் 1969 வரை பிரேசில் மரத்தைப் போட்டது. பிரேசில் மரத்துண்டு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதிலிருந்து '69-க்கு முந்தியது' என்பது ஒரு பட்டம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம், கிடைக்காததற்குப் பதிலாக வந்த இரண்டாந்தாரம். ஐம்பது வருஷம் கழித்து என்ன ஆனது? இன்று 'மரபான ரோஸ்வுட் ஒலி' என்று வாசிப்பவர்கள் உருகுவது பெரும்பாலும் இந்த ஈட்டியைக் கேட்டுத்தான். மரம் மாறவில்லை. கிடைப்பது அரிதாக அரிதாக ஒலி இனிப்பாகிக்கொண்டே வருகிறது.

இதன் விலையை வாங்குபவர் மட்டும் கொடுப்பதில்லை. பிரேசில் ரோஸ்வுட் 1992-ல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலுக்குப் போனது. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே வந்தது. 2017-ல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. கிட்டார்காரர்கள்தான் காட்டை அழித்தார்கள் என்று சொன்னால் அநியாயம். சீன மரச்சாமான் சந்தை தின்றதற்கு முன்னால் கிட்டார் தின்றது கொசுறு. ஆனால் 'இந்த மரம் இல்லாமல் இந்த ஒலி இல்லை' என்ற நம்பிக்கையை அழகான வார்த்தைகளில் பரப்பியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்த நம்பிக்கை கண்ணைக் கட்டினால் நிற்பதில்லை என்றும் இப்போது தெரிந்துவிட்டது. வால்நட்டும் சப்பேலியும் அதே மதிப்பெண் வாங்கியிருக்கின்றன.

நமக்கும் இது பழகிய நோய்தான். ஒரு நாவலுக்கு 'மண்வாசனை' என்று பட்டம் கொடுத்துவிட்டு, அதன் ஒரு வாக்கியத்தைக்கூட எடுத்துப் பார்க்காத மதிப்புரைகள் எத்தனை படித்திருப்போம்! எழுத்தாளர் எந்த மண்ணிலிருந்து வந்தார் என்று சொன்னதும் வேலை முடிந்த திருப்தி. அந்த மண்ணை அவர் என்ன செய்தார், எங்கே இழைத்தார், எங்கே நிறுத்தினார் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் எழுத இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

கிட்டார் பற்றிய நல்ல கருத்து எப்படி இருக்கும்? நான் நகத்தால் வாசிப்பவன், தந்தியைத் தணித்துச் சுருதி வைப்பவன், இந்தக் கருவியில் பன்னிரண்டாம் கட்டுக்கு மேலும் முதல் தந்தி மெலியவில்லை, கீழ்த்தந்தி கும்மென்று எழுந்து உடனே அடங்குகிறது, ஒரு மணி நேரம் வாசித்தும் மணிக்கட்டு வலிக்கவில்லை. இவ்வளவு போதும். இதைப் படிக்கும் இன்னொருவர் தன் கையை நினைத்துப் பார்த்து, தனக்கு ஒத்துவருமா வராதா என்று முடிவு செய்துகொள்ளலாம். முதுகில் என்ன மரம் என்பதைக் கடைசி வரியில் சொன்னால் போதும். சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது.