மணமுறிவும் மணவிலக்கும்: மாக் மண்டின் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

மலேசியத் தமிழரிடையே கணவன் மனைவி உறவு முடிவுறும் நிலையைக் குறிக்க விவாகரத்து, மணமுறிவு, மணவிலக்கு ஆகிய மூன்று சொற்கள் வழங்கி வருகின்றன. தமிழில் வெளிவரும் சட்ட விளக்கங்கள் பெரும்பாலும் இவற்றை ஒரு பொருட் சொற்களாகவே ஆள்கின்றன. இதனைச் சொல்லாட்சிக் குறை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. சட்ட நடைமுறையின் அடிப்படையே இக்குழப்பத்தால் மறைந்துபோகிறது என்பது நம் கருத்து.

‘ரத்து’ என்பது அரபு மூலத்தினின்று தமிழுக்கு வந்த சொல். ஒன்றை இல்லாததாக்குதலை உணர்த்துவது. தொடக்கத்திலேயே செல்லாத திருமணத்தைச் செல்லாதென அறிவிப்பது வேறு. செல்லும் திருமணத்தைக் கலைப்பது வேறு. சட்டம் தெளிவாகப் பிரித்துக் காட்டும் இவ்விரண்டையும் ‘விவாகரத்து’ ஒன்றாக்கிவிடுகிறது. ஏனைய இரண்டனுள் மணமுறிவு என்பது ஒரு நிலை. மணவிலக்கு என்பது நீதிமன்றம் வழங்கும் ஆணை. திருமணம் மீளவியலாதவாறு முறிந்துவிட்டது என்பதை மெய்ப்பித்தால்தான் மணவிலக்கு கிட்டும். முறிவு காரணம்; விலக்கு அதன்மேல் எழும் ஆணை. காரணம் இருப்பதாலேயே ஆணையும் இருப்பதாகக் கொள்வதுதான் நம் மக்களிடையே காணப்படும் பெரும் பிழை.

இப்பிழைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1952ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் ஒருதார மணங்களுக்கே உரியதாக இருந்தது. பலதார மணத்திற்கு இடமளித்த இந்து வழக்கப்படி நடந்த திருமணங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. எனவே, பிணக்குகளை ஊர்ப் பெரியவர்களே தீர்த்துவைத்தனர். அவர்கள் முன்னிலையில் பிரிந்தவர்கள் பிரிந்தவர்களாகவே கருதப்பட்டனர். 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. பெரியவர்களின் தீர்ப்புக்கு அதன்பின் சட்ட வலிமை இல்லை. ஆயினும் பழைய மனப்போக்கு மாறியபாடில்லை.

பிரிந்து ஏழாண்டு கடந்தால் திருமணம் தானே தீர்ந்துவிடும் என்னும் எண்ணம் இதற்கு நல்ல சான்று. ஏழாண்டு என்பது காணாமற்போனவர் இறந்துவிட்டதாகக் கொள்வதற்குரிய காலம். அதற்கும் நீதிமன்ற ஆணை வேண்டும். இன்னொரு முரணும் நோக்கத்தக்கது. பதிவின்றிக் கோயிலில் தாலி கட்டுவதால் மட்டும் இன்று சட்டம் ஏற்கும் திருமணம் அமைந்துவிடாது. ஆனால் முதல் திருமணம் நிலைத்திருக்கையில் ஒருவர் கோயிலில் மறுமணம் புரிந்தால், அது குற்றமாவதற்கு அந்தத் தாலியே போதும். திருமணத்தை ஆக்க வலிமையற்ற சடங்கு, தண்டனைக்கு மட்டும் வலிமை பெறுகிறது. அத்தகைய கணவர் உயில் எழுதாது இறப்பின், மனைவிக்குரிய பங்கு முதல் மனைவியைச் சேரும். பல்லாண்டு உடன் வாழ்ந்தவள் மனைவி என்ற முறையில் எதனையும் கோர இயலாது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை அடுத்துள்ள மாக் மண்டின் பழைய தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த வட்டாரம். இத்தகைய வட்டாரத்துத் தொழிற்சாலைப் பெண் ஒருத்திக்கு நடைமுறை எவ்வாறு அமைகிறது? திருமணமாகி இரண்டாண்டு நிறைவுறாமல், அசாதாரணத் துன்பம் இருந்தாலன்றி, மனுச் செய்ய முடியாது. கணவன் இசையாவிடில் முதலில் சமரசக் குழுவை நாட வேண்டும். அக்குழுவிற்கு ஆறு மாதம் வரை காலம் உண்டு. இணக்கம் ஏற்படவில்லை என அது சான்றளித்த பின்னரே, நீரிணையைக் கடந்து, ஜார்ஜ்டவுன் லைட் தெருவிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மனு ஏற்கப்படும். கைவிட்டுச் சென்ற கணவனின் இருப்பிடம் தெரியாதபோது இக்குழுவை நாடத் தேவையில்லை என்பதைப் பலர் அறியார். தீர்ப்பு வந்தாலும் அது இடைக்கால ஆணையே. பொதுவாக மூன்று மாதம் கழித்து அது முழுமையாக்கப்படும் வரை இருவரும் கணவன் மனைவியரே. நாம் கண்ட விளக்கங்கள் பிறன்மனை நாட்டம், கொடுமை, கைவிடல் எனக் காரணங்களை விரித்துரைக்கின்றன. இப்படிநிலைகளையோ ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

இருவர் இசைவால் அமையும் கூட்டு மனுவுக்குச் சமரசக் குழு தேவையில்லை; செலவும் குறைவு. அதனாலேயே அது ‘எளிய வழி’ எனப் பரிந்துரைக்கப்படுகிறது. யாருக்கு எளிது என்பதே நம் வினா. விரைவில் விடுபட விரும்பும் பெண் ஜீவனாம்சத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட நேரலாம். இருவரும் மனமுவந்து இசைந்தனர் என்றும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு உள்ளது என்றும் நீதிமன்றம் நிறைவுற வேண்டும் எனச் சட்டம் பணிக்கிறது. இருப்பினும் அவள் வாய் திறவாதபோது நீதிபதியின் முன் இருப்பது அந்தத் தாள் மட்டுமே.

2018 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இவ்விடத்தில் இன்றியமையாதவை. ஒருவரது உழைப்பால் மட்டும் வாங்கிய சொத்தில் அவருக்கே பெரும்பங்கு என்றிருந்த பழைய விதி நீங்கியது. மணவாழ்வில் ஈட்டியவற்றைச் சமமாகப் பகிரும் திசையில் நீதிமன்றம் சாய வேண்டும் என்பதே இன்றைய நிலை; இல்லத்தையும் பிள்ளைகளையும் பேணியதும் பங்களிப்பாகக் கொள்ளப்படும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, தமிழ்க் குடும்பம் ஒன்றின் வழக்கில், பதினெட்டு வயதுக்குமேல் உயர்கல்விக்குப் பராமரிப்புத் தொகை கோரவியலாது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்திருந்தது. இத்திருத்தம் அதனை மாற்றியது. கல்வியோ பயிற்சியோ முடியும் வரை தொகை பெற இப்போது வழியுண்டு. (மதமாற்றத்தால் எழும் மணவிலக்கும் இத்திருத்தங்களால் மாறியது, அது தனி ஆய்வுக்குரியது.)

கூட்டு மனுவில் கையொப்பமிடும் பெண் இவ்வுரிமைகளை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். குறைந்த வருவாயினர்க்கு அரசின் சட்ட உதவித் துறை மணவிலக்கு வழக்குகளிலும் துணைபுரிகிறது. தமிழ் விளக்கம் எழுதுவோர் பிறன்மனை நாட்டத்திற்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையேனும் இவற்றுக்கு ஒதுக்கலாம்.