முதல் வேளைச் சோறு

கடல் தாண்டிப் போன தமிழனைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கதைகளிலே கண்ணீருக்குக் குறைவில்லை. கப்பல் ஏறும்போது அழுகிறார்கள், தோட்டத்திலே அழுகிறார்கள், ஊர் திரும்பினால் அதற்கும் அழுகிறார்கள். ஆனால் போய் இறங்கிய அன்று ராத்திரி அவன் எங்கே படுத்தான், யார் சோறு போட்டார்கள், அந்தச் சோற்றை யார் பேரில் பற்று எழுதினார்கள் என்ற சங்கதி மட்டும் பெரும்பாலான கதைகளில் இருப்பதில்லை. இதை ஒரு சில்லறைக் குறை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் வேளைச் சோற்றை விட்டுவிட்டு ஒருவனுடைய புது வாழ்வை எழுதுவது, அஸ்திவாரத்தை விட்டுவிட்டு வீட்டை வர்ணிப்பது போலத்தான்.

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்படும் பையனிடம், என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் வராது. சம்பளம் எவ்வளவு என்றால் இன்னும் குழப்பம். அவனுக்குப் பதிலாக அவன் தாயார் முந்திக்கொண்டு சொல்வாள்: "அங்க நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு. எல்லாம் பாத்துக்குவாரு."

இந்த 'நம்ம ஆள்' யார்? பெரும்பாலும் மாமன் மைத்துனனுக்குச் சகலை, அல்லது பக்கத்து ஊர்க்காரன். அறையிலே பாய் விரிக்க இடம் கொடுப்பான். எந்தக் கடையிலே அரிசி மலிவு, எந்த மேஸ்திரியிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று சொல்லித் தருவான். முதல் சம்பளம் வரும்வரை கைமாற்றும் கொடுப்பான். அவனே அந்தப் பையனை வேலைக்குச் சேர்த்துவிட்டதற்காக ஏஜெண்டிடம் ஒரு தொகை வாங்கியிருக்கவும் கூடும். ஒத்தாசை செய்தவனும் அவன்தான், லாபம் பார்த்தவனும் அவன்தான். இந்த இரட்டை மனிதனை எழுதத்தான் நமது நாவலாசிரியர்களுக்குக் கை வரவில்லை. எழுதினால் அவனை ராட்சசனாக்குகிறார்கள், இல்லையென்றால் தருமராஜாவாக்குகிறார்கள்.

கங்காணியை எடுத்துக்கொள்ளலாம். சரித்திரத்தில் அவன்தான் முதல் 'நம்ம ஆள்'. தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்கு வந்து, சொந்த ஜாதி ஜனத்தையே முன்பணம் கொடுத்து அழைத்துப் போனவன். வழிச் செலவு, சோறு, கம்பளி எல்லாம் அவன் கையால் கிடைத்தன. எல்லாம் கடனாகவும் ஏறின. இலங்கையிலே 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி இன்ன தொகை பாக்கி, அதைக் கட்டினால் இவனை விட்டுவிடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. 1921-ல் அதை ஒழித்தார்கள். மலேயாவுக்குக் கங்காணி மூலம் ஆள் கட்டுவது 1938-ல் இந்திய அரசாங்கம் போட்ட தடையோடு நின்றது. தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் அப்படிப் போனார்கள்.

புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை 1935-ல் மணிக்கொடியிலே எழுதினார். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கதை. அந்தக் கதையின் உக்கிரத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. அந்த விஷயத்தைத் தமிழில் அப்படி முகத்தில் அறைந்தாற்போலச் சொன்னவர் அவர். ஆனால் அவருடைய கோபம் தோட்டத்து அதிகாரத்தின்மேல் முழுசாக விழுகிறது. லயத்திலே பக்கத்துக் காம்பிராக்காரி ஒரு பிடி உப்பு கொடுத்தாளா என்பது அந்தக் கோபத்தின் வெளிச்சத்தில் தெரிவதில்லை. பின்னால் வந்தவர்கள் அவருடைய கோபத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். பார்வை அவரோடு போய்விட்டது.

எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு வாசலும் இருந்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை திறந்தது 1879-ல். அதற்கு முன்பே, பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் 1861-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த ஜனங்களையும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றினார்கள். ரேயூனியன் தீவுக்கு இது 1882-ல் நின்றது. குவாதலூப், மர்த்தினிக் பக்கம் 1880-களில் நின்றது. போனவர்களின் பேரன்மார் காலத்துக்குள் பேச்சு போய்விட்டது. தீமிதி போகவில்லை. ரேயூனியனிலே இன்றைக்கும் 'பாண்டியாலே' என்ற அம்மனுக்காக நெருப்பு மிதிக்கிறார்கள். அந்த அம்மன் வேறு யாருமில்லை, நம்முடைய பாஞ்சாலிதான். திரௌபதி வழிபாட்டின் தாய்வீடு என்று செஞ்சியை அடுத்த மேலச்சேரியைச் சொல்வார்கள்; திண்டிவனத்திலிருந்து அது எத்தனை தூரம்?

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-ல் ஏற்பட்டது. 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை போட்டு முன்னுக்கு வந்த நாராயண பிள்ளை அதை ஏற்படுத்தினார். அங்கேயும் தீமிதி திரௌபதிக்குத்தான். புதிதாக வந்து இறங்கியவர்கள் ஒரு வேலையும் தங்க இடமும் கிடைக்கும்வரை அந்தக் கோயிலிலேயே ஒண்டியிருந்தார்கள். தெய்வ பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒண்டலைப் பேசுவதில்லை. சமூகக் கொடுமையைப் பேசுகிறவர்களோ கோயில் என்றால் திரும்பிப் போய்விடுகிறார்கள். நடுவிலே, பிராகாரத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தவன் கதை எழுதப்படாமலே கிடக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் பிறந்து பிரான்சிலே வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா, 'நீலக்கட'லில் 18-ஆம் நூற்றாண்டு மொரீஷியஸுக்குப் போனார். எங்கள் மண்ணுக்கும் அந்தத் தீவுக்கும் இருந்த பழைய முடிச்சைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்த பெருமை அதற்கு உண்டு. ஆனாலும் எனக்குள்ள ஆசை வேறு. கவர்னர் துரையின் காலத்தைவிட, ஸ்ட்ராஸ்பூர் குளிரிலே முதல் மாதம் எவன் வீட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டான் என்பதைப் படிக்கத்தான் மனம் அலைகிறது.

இந்தக் குறைக்கெல்லாம் விலக்கு என்று ப. சிங்காரத்தைச் சொல்லவேண்டும். 'புயலிலே ஒரு தோணி'யைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். யுத்தம், மது, பழந்தமிழ்ப் பெருமையின்மேல் எகத்தாளம் என்று அதிலே பேசுவதற்கு நிறைய இருக்கிறது. நான் சொல்வது அதற்கு முந்திய, அதைவிட அடக்கமான 'கடலுக்கு அப்பால்'. 1959-ல் வந்தது. பினாங்கிலே லேவாதேவி நடத்தும் வானாயீனாவிடம் இருந்து தொழில் கற்றவன் செல்லையா. யுத்த காலத்தில் நேதாஜியின் படையிலே சேர்ந்து மீண்டவன். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் இருக்கிற அன்பு எல்லோருக்கும் தெரியும். வானாயீனா பெண்ணைக் கொடுக்க மறுத்துவிடுகிறார்.

சினிமாக்காரராக இருந்தால் இந்த இடத்தில் அவரை ஒரு வில்லனாக்கியிருப்பார். சிங்காரம் அந்தத் தப்பைச் செய்யவில்லை. வானாயீனாவின் நியாயம் தொழிலின் நியாயம். துப்பாக்கி பிடித்த கை பெட்டியடியிலே அடங்கி உட்காராது என்பது அவர் போட்ட கணக்கு. ஆளாக்கிவிட்ட மனிதரே வாசலையும் அடைக்கிறார். இரண்டும் ஒரே கையின் வேலை என்பதைச் செல்லையாவும் அறிந்திருக்கிறான். அதனால் அவனால் அவரைச் சரியாக வெறுக்கக்கூட முடிவதில்லை. இந்த 'வெறுக்க முடியாமை'தான் ஒத்தாசையின் முழு ருசி. தமிழிலே வேறு எந்த நாவலிலும் அது இவ்வளவு துல்லியமாக எனக்குக் கிடைக்கவில்லை.

இது அவருக்கு எப்படிக் கைவந்தது? 1938-ல் சிங்கம்புணரியிலிருந்து மேடானுக்குப் போய்க் கடையிலே இருந்தவர் அவர். செட்டிமார் தொழிலில் ஒரு பையன் போய் இறங்குவதற்கு ஏற்பாடு இருந்தது. கிட்டங்கியிலே படுக்க இடம், பொதுச் சமையல், மூன்று வருஷக் கணக்கு, பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாக உயர ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் ஒவ்வொரு படியும் அவருக்குத் தெரியும். எங்கள் தென்னார்க்காட்டுக் கூலிக்குக் கிட்டங்கி கிடையாது. அதனால்தான் எங்களுக்கு ஒரு சிங்காரம் கிடைக்கவில்லையோ என்னவோ. அந்தச் சிங்காரத்துக்கும் பதிப்புலகத்தில் 'நம்ம ஆள்' இல்லை. இரண்டு நாவல்களும் வருஷக் கணக்கில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்துதான் அச்சேறின. 'தோணி' 1972-ல் வந்தது.

ஷோபாசக்தியின் 'கொரில்லா', 2001-ல், பிரான்சிலே அகதி அந்தஸ்துக் கேட்டு எழுதும் ஒரு மனுவோடு தொடங்குகிறது. காகிதத்திடம் ஒத்தாசை கேட்பது எப்படி இருக்கும் என்பதை அந்த ஆரம்பம் காட்டிவிடுகிறது. பாய் விரித்துக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லலாம், திட்டவும் செய்யலாம். அலுவலகத்தை என்ன செய்வது?

இதைப் படிக்கப் பாரிஸ் வரைக்கும் போகவேண்டியதில்லை. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலே, கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் பொங்கல் வைக்கப் போகிறோம். அதே ஊரில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு இம்மாதிரி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றியது. இங்கே கடல் தாண்டி வந்தவன் அவன். 'நம்ம ஆள்' நாம். மாதப் பணமும் அரிசியும் அரசாங்கம் தருகிறது. ஆளைக் கணக்கெடுக்கவும் செய்கிறது. பெயிண்ட் வேலைக்கு அவர்களைக் கூப்பிட்டவன் நம்மூர் மேஸ்திரிதான். கூலியிலே பத்து ரூபாய் பிடித்தவனும் அவனாக இருக்கலாம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்தாகிவிட்டது, குடியுரிமை கிடைக்கவில்லை. முகாமின் உள்ளிருந்து தொ. பத்திநாதன் 'போரின் மறுபக்க'த்தில் தம் கதையைச் சொல்லிவிட்டார். முகாமின் வெளியிலே இருந்து, பெயிண்ட் டப்பாவைக் கையிலே கொடுத்த அந்த மேஸ்திரியின் கதையைத் திண்டிவனத்துக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.