குவிமாடமும் குடையும்

ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த செர்டாங் நிலையத்தில் ரயில் ஏறிக் கோலாலம்பூர்ப் பழைய நிலையத்தில் இறங்குவோர் ஒரு முரணைக் காண்பர். குவிமாடங்களும் வளைவுகளும் பொலிய நிற்பது 1910-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் நிலையம். அதற்கு அணித்தே, உச்சியில் உருண்ட பெருங்குவிமாடம் இன்றி, மடிப்பு மடிப்பாக விரிந்த கூரையோடு நிற்பது தேசியப் பள்ளிவாசல். பள்ளிவாசல்போல் தோன்றுவது ரயில் நிலையமாகவும், பள்ளிவாசல் வேறு வடிவினதாகவும் அமைந்தது எவ்வாறு?

நிலையத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் 1909-இல் எழுந்த ஜாமெக் பள்ளிவாசலும் அவர் வரைந்ததே. வட இந்திய முகலாயப் பாணியையே ஆங்கில ஆட்சியினர் இந்நாட்டிற்கு ஏற்றதெனக் கொண்டனர் போலும். ஆயின், இப்பாணி இங்கு வருமுன்பே இங்குப் பள்ளிவாசல்கள் இருந்தன. மலாக்காவில் இந்திய முஸ்லிம் வணிகர் 1748-இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் அடுக்குக் கூரை உடையது. தமிழகத்துக் கீழக்கரைப் பழம்பள்ளியோ கற்றூண் மண்டபமாய் அமைந்தது. தொழுகைக்கு வேண்டுவன தூய இடமும், கிப்லா நோக்கிய வரிசையும், உளூச் செய்ய நீருமே. குவிமாடம் அழகு, ஆயின் இன்றியமையாதது அன்று.

இவ்வுண்மையை உணர்ந்து எழுந்ததே தேசியப் பள்ளிவாசல். ஹோவர்ட் ஆஷ்லி, ஹிஷாம் அல்பக்ரி, பகாருடின் காசிம் ஆகிய மூவர் இதனை வரைந்தனர். 1965 ஆகஸ்டு 27-இல் இது திறக்கப்பட்டது. கூரை விரித்த குடை. 73 மீட்டர் உயர்ந்த மினாராவின் முடி மடக்கிய குடை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாட்டில் இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. கொற்றக்குடையை மன்னன் காவலுக்கு அடையாளமாகக் கொண்டது நம் மரபு. இக்குடையோ ஒருவர்க்கு உரியதன்று. முதற் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பெயரை இதற்குச் சூட்ட முன்வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. குருதி சிந்தாது பெற்ற விடுதலைக்கு நன்றியாக இது நாட்டின் பெயரையே தாங்கிற்று.

இக்கட்டடத்தின் உயிர் கூரையினும் தாழ்வாரத்திலேயே உள்ளது எனலாம். காற்றுப் புகும் திறந்த இடமும் நீர்த்தடாகங்களும் வெம்மையைத் தணிக்கின்றன. பதினையாயிரம் பேர்க்கு இடமுண்டு. தொழுகை முடிந்தபின் அமர்ந்து பேசவும் ஓதவும் இளைப்பாறவும் ஏற்ற இடம் அதுவே. தமிழர் ‘பள்ளி’ என்பதோடு ‘வாசல்’ என்பதையும் சேர்த்து வழங்கியது எண்ணி மகிழத்தக்கது.

குறையும் உண்டு. சாலைகளும் ரயில் பாதையும் அலுவலகங்களும் சூழ்ந்திருப்பதால், ஒரு கம்பத்துச் சூராவுக்கு இயல்பாக வாய்க்கும் அண்டை வீட்டு உறவு இதற்கு எளிதில் வாய்ப்பதில்லை. நாட்டுக்குப் பொதுவாக நின்றது, ஒரு தெருவுக்கு உரியதாக ஆக இயலவில்லை.

1987-இல் புதுப்பித்தபோது இளஞ்சிவப்புக் கூரை நீலமும் பச்சையுமாக மாறிற்று, குடை மாறவில்லை. ஆயினும் அதன் வழி பெரிதும் பின்பற்றப்படவில்லை. 1988-இல் ஷா ஆலமிலும், 1999-இல் புத்ராஜெயாவிலும் பெருங்குவிமாடங்களே எழுந்தன. ஏரிக்கரையில் இளஞ்சிவப்புக் கருங்கல்லால் ஒளிரும் புத்ரா பள்ளிவாசலின் எழிலை மறுப்பார் இலர். அவ்வெழில் ஒன்றே அளவுகோலாகிவிடும்போதுதான் இழப்பு நேர்கிறது.

பள்ளிவாசலை வரைக என்றால் மாணாக்கர் முதலில் வரைவது குவிமாடத்தையே. நிழல் தரும் தாழ்வாரத்தையும், அங்கு ஒரே வரிசையில் நிற்கும் செல்வரையும் வறியவரையும் வரைய அவர்க்குக் கற்பித்தல் ஆசிரியர் கடன். கட்டடத்தை அண்ணாந்து நோக்கினால் அதன் உயரம் தெரியும். உள்ளே அமர்ந்து நோக்கினால் அது யாருக்காக எழுந்தது என்பது தெரியும்.