நான்கு பெயர்களும் மகப்பேற்றின் வாயிலும்

பெயர்ச்சொல்லை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பகுத்துக் கற்பிப்பது தமிழாசிரியர்க்குப் பழகிய பணி. இடுகுறிப் பெயரால் தீங்கு நேர்வது அரிது. அது பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடும். காரணப் பெயரோ, பொருளைச் சுட்டுவதுடன் அதன் இயல்பையும் கூறுவதாக உரிமை கொண்டாடுகிறது. கூறப்பட்ட காரணம் பிழையானால் அப்பிழையும் பெயரோடு ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செல்லும். மருத்துவத் துறையில் இதற்குத் தக்க சான்று, பெண்ணின் இடுப்புக் கூட்டிற்கு 1933ஆம் ஆண்டில் இடப்பட்ட நான்கு பெயர்கள். மருத்துவமும் தாதிமையும் பயிலும் மாணவர் இன்றும் இவற்றை மனப்பாடம் செய்கின்றனர். இப்பெயர்கள் உண்மையைச் சொல்கின்றனவா, அல்லது தீர்ப்பு வழங்குகின்றனவா என்பது ஆராயத்தக்கது. ஏனெனில் இங்கே பெயர் தவறினால் துன்புறுபவள் ஒரு தாய்.

கூட்டின் அமைப்பு

இடுப்புக் கூடு என்பது எலும்புகளாலான ஒரு வளையம். இடமும் வலமுமாக இரண்டு இடுப்பெலும்புகள். பின்புறம், முதுகெலும்பின் அடியில், திரிகம் எனப்படும் முக்கோண எலும்பு. அதன் முனையில் வாலெலும்பு. இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் குழந்தைப் பருவத்தில் மூன்று எலும்புகளாக இருந்து, வளர்ச்சியில் ஒன்றாக இணைந்தது. இரண்டும் முன்புறத்தில் ஒரு குருத்தெலும்பால் பொருந்துகின்றன. பின்புறத்தில் திரிகத்தோடு இரு மூட்டுகளால் இணைகின்றன.

மகப்பேற்றிற்கு உரியது இவ்வளையத்தின் கீழ்ப்பகுதி. பாடநூல்கள் தரும் அளவின்படி, அதன் மேல்வாயில் குறுக்கே ஏறத்தாழ 13 செ.மீ., முன்பின்னாக 11 செ.மீ. கீழ்வாயிலோ இதற்கு மாறாகக் குறுக்கே 11, முன்பின்னாக 13. இடையே வட்டத்தை ஒத்த ஒரு பகுதி உண்டு. அதன் கீழ்ப்புறத்தில், இருபக்கமும் உள்நோக்கி நீளும் இரு முட்களுக்கு நடுவே, வழி மிகக் குறுகி 10 செ.மீ. அளவில் நிற்கும். வழியின் முன்சுவர் 5 செ.மீ. அளவே உயரமுடையது, பின்சுவர் அதைப் போல் இருமடங்குக்கும் மேல். ஆகவே இது நேரான குழாய் அன்று, முன்னோக்கி வளைந்த வழி. இவ்வமைப்பை மனத்திற்கொண்டால், இதற்குப் பெயரிட முயன்றவர்களின் இடர்ப்பாடும் விளங்கும்.

பெயர் பிறந்த வரலாறு

நான்கு பெயர்களையும் வகுத்தவர்கள் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மகப்பேற்று மருத்துவர்களான வில்லியம் எட்கர் கால்டுவெல், ஹோவர்டு கார்மன் மொலோய் என்னும் இருவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட இராபர்ட் கால்டுவெல் வேறு, இவர் வேறு என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் இருவரும் செய்தது வகைப்படுத்தும் பணியே. மருத்துவர் இருவரும் சேகரித்து வைக்கப்பட்டிருந்த எலும்புக்கூடுகளையும், உயிருள்ள பெண்களின் எக்ஸ்ரே படங்களையும் ஆராய்ந்து, மேல்வாயிலின் வடிவை முதன்மையாகக் கொண்டு நான்கு வகைகளைக் கண்டனர்.

வட்டத்தை ஒத்தது 'கைனகாய்டு', அதாவது பெண்பாங்கு. இதய வடிவினது 'ஆண்ட்ராய்டு', அதாவது ஆண்பாங்கு. (இச்சொல்லில் 'ஆண்' ஒலிப்பது தற்செயலே, மூலம் கிரேக்கம்.) முன்பின்னாக நீண்டது 'ஆந்த்ரபாய்டு'. குறுக்கே அகன்று தட்டையானது 'பிளாட்டிபெல்லாய்டு'. இவற்றுள் மூன்றாவது பெயர் வியப்பிற்குரியது. அதன் நேர்ப்பொருள் 'மனிதனைப் போன்றது' என்பதே. ஆனால் விலங்கியலில் அச்சொல் மனிதக் குரங்குகளைக் குறிக்க வழங்கியது. எனவே மனிதப் பெண்ணொருத்தியின் எலும்பை 'மனிதனைப் போன்றது' என்று அழைத்து, அதனால் குரங்கை நினைவூட்டும் விந்தை நேர்ந்தது.

அவ்விருவரும் வெறுங்கையோடு தொடங்கியவர்கள் அல்லர். எடின்பரோவின் உடற்கூற்றறிஞர் வில்லியம் டர்னர் 1885இலேயே மேல்வாயிலின் நீள அகல விகிதத்தைக் கொண்டு மனித இனங்களை வரிசைப்படுத்தியிருந்தார். அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர், தம் இனத்துப் பெண்ணின் எலும்பை அளவுகோலாக வைத்து, பிற இனத்தாரின் எலும்பை அதிலிருந்து விலகியதாகவே கண்டனர். பெயர்களில் படிந்த நிறம் அக்காலத்தின் நிறமே.

முதற்குறை: எண்ணிக்கை

'பெண்பாங்கு' என்ற பெயர் மாணவனுக்கு என்ன உணர்த்தும்? பெண்களுக்குப் பொதுவாக அமைவது இது, ஏனையவை விலக்கு என்பதே அவன் கொள்ளும் பொருள். ஆனால் அப்பெயரிட்டவர்கள் தாமே தந்த கணக்கின்படி, அவர்கள் கண்ட பெண்களுள் அவ்வகையினர் நூற்றுக்கு 40ஐச் சற்றே தாண்டினர், பாதியைக்கூட எட்டவில்லை. எஞ்சிய பெரும்பான்மையினர் 'ஆண்பாங்கு' முதலிய பிற பெயர்களுக்குள் அடங்கினர். பெரும்பாலான பெண்களுக்கு இல்லாத ஒன்றைப் 'பெண்பாங்கு' என்று அழைப்பது காரணப் பெயர் ஆகாது. அது விருப்பப் பெயர்.

மூலக் கட்டுரையாளர் மேல் முழுப்பழியும் சுமத்துதல் நேர்மையன்று. தூய வகைகளினும் கலப்பு வகைகள் உண்டு என்பதை அவர்கள் உணர்ந்தே எழுதினர். முற்பாதி ஒரு வகையாகவும் பிற்பாதி வேறு வகையாகவும் அமைதலைப் பலவாறு பிரித்தும் காட்டினர். அவ்வெச்சரிக்கையை உதறிவிட்டு நான்கு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டவை பின்வந்த பாடநூல்கள். ஆய்வாளன் ஐயத்தோடு சொன்னதை ஆசிரியன் உறுதியாகச் சொல்லிவிடும் தீங்கு கல்வித்துறை அறிந்ததே.

இரண்டாங்குறை: எல்லைக்கோடு

மேற்கு ஆஸ்திரேலியாவில் உயிருள்ள பெண்களின் சி.டி. படங்களை அளந்து 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, நான்கு குழுக்கள் தனித்தனியே திரண்டிருக்கின்றனவா என்று தேடியது. அவ்வாறு எதுவும் காணப்படவில்லை. அளவுகள் யாவும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு இடைவெளியின்றிப் பரவி, மேகத்திரள்போல் கிடந்தன. வானவில்லின் நிறங்களுக்குப் பெயர் உண்டு. நிறங்களுக்கிடையே சுவர் இல்லை. இடுப்புக் கூட்டின் நிலையும் அதுவே.

லியா பெட்டி, ஆண்ட்ரியா மானிகா என்னும் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிந்தது. உலகின் 24 பகுதிகளைச் சேர்ந்த 348 பெண் எலும்புக்கூடுகளை அவர்கள் அளந்தனர். சகாராவிற்குத் தெற்கே வாழும் ஆப்பிரிக்க மக்களிடம் வழி முன்பின்னாக நீண்டும், அமெரிக்கப் பழங்குடியினரிடம் குறுக்கே அகன்றும், ஐரோப்பிய ஆசிய மக்களிடம் இடைநிலையாகவும் காணப்படும் போக்கு உண்டு. ஆயினும் ஒவ்வொரு மக்களுக்குள்ளும் வேறுபாடு மிகுதி. இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம், மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய நெடும்பயணத்தில் தற்செயலாக நேர்ந்த மரபு மாற்றம் என்பதே அவர்கள் முடிவு. உயர்வு தாழ்விற்கு இங்கே இடமில்லை. ஐரோப்பியப் பெண்ணின் கூட்டை நெறியாக வைத்து எழுதிய நூல், உலகப் பெண்கள் யாவர்க்கும் பொருந்தாது என்பதே இதனால் பெறப்படும்.

மூன்றாங்குறை: அசைவு

இவ்விரு குறைகளினும் பெரியது மூன்றாவது. நான்கு பெயர்களும் நிற்கும் பொருளுக்கு இடப்பட்டவை. மகப்பேறோ ஓர் இயக்கம். பெயர்ச்சொல்லால் வினைச்சொல்லின் வேலையை வாங்க முயன்றதே இங்குள்ள பிழை.

குழந்தையின் தலை நெற்றியிலிருந்து பிடரிவரை ஏறத்தாழ 11.5 செ.மீ. நீளமும், பக்கவாட்டில் 9.5 செ.மீ. அகலமும் உடையது. நிமிர்ந்த தலையோடு அது இறங்க முற்பட்டால் நெருக்கடி நேரும். ஆகவே இறங்கும்போது குழந்தை மோவாயை மார்போடு சேர்த்துக்கொள்கிறது. அப்போது வழியில் செல்லும் நீளம் 9.5 செ.மீ. ஆகக் குறைகிறது. மேல்வாயில் குறுக்கே அகன்றதாதலின், பெரும்பாலும் முகம் தாயின் பக்கவாட்டை நோக்கத் தலை நுழைகிறது. கீழ்வாயில் முன்பின்னாக நீண்டதாதலின், இறங்குகையில் தலை திரும்பி, முகம் தாயின் முதுகை நோக்க வெளிப்படுகிறது. பின் தோள்களும் அவ்வாறே திரும்பி வருகின்றன. பூட்டில் சாவி திரும்புவதுபோன்ற இச்செயலை, மேல்வாயிலின் வடிவை மட்டும் வரைந்த படம் எங்ஙனம் காட்டும்?

மேலும், சாவியும் நெகிழ்கிறது, பூட்டும் நெகிழ்கிறது. குழந்தையின் மண்டை எலும்புகள் அப்போது ஒன்றாக இணையாதவை. உச்சிக்குழியும் எலும்புகளின் இடைவெளிகளும் இருப்பதால், அவை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறித் தலை நீண்டு ஒடுங்கும். பிறந்த சில நாட்களில் பழைய வடிவை அடையும். தாயின் மூட்டு நார்களும் கருவுற்ற காலத்தில் தளர்கின்றன. வாலெலும்பு பின்னோக்கிச் சாய்கிறது. 2014இல் வெளிவந்த எம்.ஆர்.ஐ. ஆய்வொன்று, மல்லாந்து கிடக்கும் நிலையையும் முழங்காலிட்டுக் குந்தும் நிலையையும் ஒப்பிட்டது. குந்தும் நிலையில் நடுவழியும் கீழ்வாயிலும் அகன்றன. மேல்வாயிலின் முன்பின் அளவோ சற்றுக் குறைந்தது. ஒரே பெண்ணின் ஒரே எலும்பு, அவள் இருக்கும் நிலைக்கேற்ப அளவு மாறுகிறது. அவ்வாறாயின் அவளை எந்த வகையில் சேர்ப்பது?

அளவு தீர்ப்பானபோது

இது ஏட்டுச் சண்டை அன்று. எலும்பை அளந்தால் பேற்றை முன்னறியலாம் என்ற நம்பிக்கையால், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கருவுற்ற பெண்கள் பலருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டுவர்ட் என்னும் பெண் மருத்துவர், கருவிலிருக்கும்போது எக்ஸ்ரே பட்ட குழந்தைகள் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ இருமடங்கு என்பதை 1956இலும் 1958இலும் வெளியிட்டார். அவர் கூற்று ஏற்கப்படப் பல்லாண்டுகள் ஆயின.

அளவினால் பயனேனும் விளைந்ததா? 1,159 பெண்களை உட்கொண்ட ஐந்து சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, எக்ஸ்ரேயால் அளக்கப்பட்ட பெண்களுக்குச் சிசேரியன் அறுவை மிகுந்ததையும், அதனால் தாய்க்கோ சேய்க்கோ நன்மை மிகுந்ததாகச் சான்று இல்லாமையையும் காட்டியது. நலமுள்ள கருவுற்ற பெண் நோவெடுத்து வருகையில் அவள் இடுப்பை வழக்கமாக அளந்து பார்த்தல் வேண்டா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

மறுபக்கம்

எனினும், எலும்பு ஒரு பொருட்டன்று என்று கூறிவிடுதல் மறுகோடிப் பிழையாகும். வழி அடைபட்ட பேறு கற்பனையன்று. வெயில்படாத ஐரோப்பியத் தொழில் நகரங்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குழந்தைகள் பலர் கணைச்சூட்டு நோய் என்றும் ரிக்கெட்ஸ் என்றும் சொல்லப்படும் எலும்பு மென்மையால் வாடினர். அச்சிறுமியர் தாயாகும் வயதில் தட்டையாகிக் குறுகிய இடுப்போடு பேற்றறைக்கு வந்தனர். மருத்துவர் வில்லியம் ஸ்மெல்லி விரலால் உள்ளளவை மதிப்பிடும் முறையை வகுத்தது இத்தகைய பெண்களைக் காக்கவே. அவர் அளவு அவர் காலத்துக்கு உயிர்காக்கும் அறிவு. வளரும் பருவத்து ஊட்டக்குறைவு, முதிராத வயதில் கருவுறல், விபத்து ஆகியவை இன்றும் வழியைக் குறுக்கும். நேரத்தில் செய்யும் அறுவையால் அங்கே இரண்டு உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் குறுகலை உண்டாக்கியது நோயும் வறுமையுமே. அவற்றை 'வகை' என்னும் சொல்லால் மூடுதல் காரணத்தை மறைத்தலாகும்.

பேறு எவ்வாறு செல்லும் என்பதை அறியத் தக்க அளவுகோல் பேறே. இன்று ஜிம்பாப்வே எனப்படும் நாட்டில் பில்பாட், காசில் என்னும் மருத்துவர் இருவர் 1972இல், நோவின் வளர்ச்சியை மணிக்கணக்கில் வரைந்து, எச்சரிக்கைக் கோடு ஒன்றும் செயற்கோடு ஒன்றும் இட்டு, மருத்துவச்சியும் பார்த்தறியத்தக்க வரைபடத்தைப் பரப்பினர். அடைபட்ட பேற்றை உரிய நேரத்தில் கண்டு மருத்துவமனைக்கு அனுப்ப அது உதவியது. அக்கோடும் நாளடைவில் தீர்ப்பாக இறுகிற்று. மணிக்கு 1 செ.மீ. என்ற வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று பின்னர் திருத்த வேண்டியதாயிற்று. எந்த அளவும் கண்காணிப்பிற்குத் துணையாகும்வரை நன்று. கண்காணிப்பிற்கு மாற்றாகும்போது தீது.

தமிழுக்கு வேண்டுவது

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன், மோன்சேலின் மகப்பேற்று நூலை 1857இலேயே தமிழில் வெளியிட்டார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி அத்துணைப் பழைமையுடையது. நான்கு பெயர்களுக்கும் தமிழாக்கம் தேடுவோர், பெண்பாங்கு, ஆண்பாங்கு, குரங்குப்பாங்கு என்று மூலத்தின் பிழையையும் உடன்பெயர்க்க வேண்டுவதில்லை. வட்ட வாயில், இதய வாயில், நீள் வாயில், அகல் வாயில் என்றால் வடிவு விளங்கும், இழிவு ஒட்டாது. அவையும் நான்கு பெட்டிகள் அல்ல, ஒரு நெடும்பரப்பின் நான்கு இடங்கள் என்று ஓர் அடிக்குறிப்பு சேர்த்தல் வேண்டும்.

'உன் எலும்பு பேற்றிற்கு ஏற்றதன்று' என்று நோவெடுக்குமுன் ஒரு பெண்ணிடம் சொல்லப்படும் சொல், அவள் அச்சத்தையும் அவளைச் சூழ்ந்தோர் முடிவையும் ஒருங்கே மாற்றவல்லது. அச்சொல்லைச் சொல்ல ஓர் ஓவியமும் ஒரு கிரேக்கப் பெயரும் போதிய சான்று அல்ல.