லீற்றருக்கு எத்தனை ஓடும்?

கல்முனைக்குடியில் டீசல் கெப் வைத்திருப்பவரிடம் லீற்றருக்கு எத்தனை ஓடும் என்று கேட்டால் பதில் உடனே வரும். பத்து என்பார். பக்கத்தில் நிற்பவர் பதினொன்று என்பார். மூன்றாமவர் போன கிழமைதான் நொசில் பார்த்தவர், அவருடையது பதின்மூன்று. எப்படி அளந்தீங்க காக்கா என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும்.

இலங்கையில் 2022 ஜனவரியில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. அந்த ஜூன் முடியுமுன் 460. வாகன இறக்குமதி 2020இலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் புது வண்டிக்கு மாறும் வழியும் அடைபட்டிருந்தது. இருக்கிற பழைய ஹைலக்ஸையும் இசுசுவையும் எல்-200ஐயும் வைத்தே சமாளிக்க வேண்டிய நிலை. டீசல் மிச்சம் பிடிக்கும் வித்தைகளுக்கு அதைவிடத் தோதான காலம் வராது. எரிபொருள் குழாயில் காந்தம், டேங்கில் ஊற்றும் மருந்து, ஹைட்ரஜன் போத்தல், பின்கதவைத் திறந்துபோட்டு ஓடுவது, இறக்கத்தில் நியூட்ரல், டீசலோடு மண்ணெண்ணெய். விலை பிறகு ஓரளவு இறங்கியது, வித்தைகள் இறங்கவில்லை. இவற்றில் எது தேறும் என்று பார்ப்பதற்கு முன்னால் தராசையே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டீசல் நுரைக்கும். பெற்றோல் செட்டில் குழாய் தானாக நிற்கும் இடமும், நுரை அடங்கியபின் உண்மையில் டேங்க் நிரம்பும் இடமும் ஒன்றல்ல. ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் வித்தியாசம் சாதாரணம். அறுபது லீற்றர் அடிப்பவருக்கு அது இரண்டு சதவீதப் பிழை. பதினைந்து லீற்றர் அடிப்பவருக்குப் பத்து சதவீதம். 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது கார், வான்களுக்குக் கிழமைக்கு 20 லீற்றர், லொறிகளுக்கு 50. அந்தப் பங்கீட்டை வைத்துக்கொண்டு ஐந்து சதவீத மிச்சத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இன்றும் ஊரில் உலவும் பல நம்பிக்கைகள் அந்த நாட்களில் பிறந்தவை.

பாதையும் ஏமாற்றும். இங்கிருந்து அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிற கெப், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்துக்கு ஏறுகிறது. வண்டியும் சுமையுமாக இரண்டரைத் தொன் என்றால், அந்த உயரத்துக்கு மட்டுமே ஒரு லீற்றருக்கு மேல் டீசல் போகும். திரும்பி வரும்போது இறக்கம், பெட்டியும் காலி. போகும்போது மருந்து ஊற்றாமலும் வரும்போது ஊற்றியும் ஓடிப் பார்த்தவருக்கு மருந்து அபாரமாக வேலை செய்திருக்கும்! ஆகவே போய்வந்த முழுப் பயணம், அதே செட், அதே குழாய், குறைந்தது மூன்று நான்கு முழு டேங்க். இந்த நிபந்தனைக்கு உட்படாத எந்த இலக்கத்தையும் சாட்சியாக எடுக்கத் தேவையில்லை.

காந்தத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டீசலின் ஐதரோகாபன்கள் காந்தத்துக்கு மசிகிற பொருளல்ல. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நூற்றுக்கும் மேற்பட்ட ‘எரிபொருள் சேமிப்பு’ சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. சொல்லத்தக்க மிச்சம் தந்தது என்று எதையும் அது காட்டவில்லை. ஹைட்ரஜன் போத்தலில் தண்ணீரைப் பிரிக்க வேண்டிய மின்சாரம் வண்டியின் ஒல்டனேட்டரிலிருந்து வருகிறது, ஒல்டனேட்டரை எஞ்சின் சுற்றுகிறது, எஞ்சினை டீசல் சுற்றுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பாதியளவோ அதற்கு மேலோ இழந்துவிட்டு, கடைசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் முதலில் செலவான டீசலை ஈடுசெய்யும் என்று நம்பச் சொல்கிறார்கள். பின்கதவு விசயம் இன்னும் எளிது. மூடியிருக்கும்போது பெட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றைத் தன்மேல் வழுக்கிப் போகவிடுகிறது. திறந்தால் அந்தச் சுழல் கலையும். டிஸ்கவரி அலைவரிசையின் ‘மித்பஸ்டர்ஸ்’ நிகழ்ச்சியில் ஓட்டிப் பார்த்தபோதும் மூடிய கதவே வென்றது. படங்கு கட்டும்போது அது படபடக்காமல் இறுக்கிக் கட்டினால் அதுவே போதும்.

நியூட்ரலை அப்படி விட்டுவிட முடியாது, அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மகியங்கனைப் பக்கத்துப் பதினெட்டு வளைவில் நியூட்ரல் போட்டு இறங்கினால் டீசல் மிச்சம் என்பது பழைய நம்பிக்கை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டீசலைச் செலுத்துவது பழைய சுழல் பம்பாக இருந்தாலும் புதிய கொமன் ரெயிலாக இருந்தாலும், எஞ்சின் வேகம் ஐட்லுக்கு மேல் இருக்கும்வரை நொசிலுக்கு டீசல் போவதில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, செலவு பூச்சியம். நியூட்ரல் போட்ட கணமே எஞ்சின் தன் சொந்தச் செலவில் ஐட்லில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆக, செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலைக் கூட்டத்தான் செய்கிறது. இன்னும் ஒரு படி போய் எஞ்சினையே நிறுத்திவிட்டு உருள்கிறவர்களுக்கு: இந்த வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்குக் கைகொடுக்கும் வெற்றிடப் பம்ப் ஒல்டனேட்டரின் பின்புறத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மூன்று தரம் மிதித்தபின் பிரேக் கல்லாகிவிடும்.

மண்ணெண்ணெய்க் கலப்பு வேறு ரகம். இதைப் பொய் என்று தள்ளினால் அது நேர்மையான திறனாய்வாகாது. 2022 ஓகஸ்ட் தொடக்கத்தில் டீசல் 430 ரூபா, மண்ணெண்ணெய் 87. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் லீற்றர் 361 ரூபாவுக்கு இறங்குகிறது. மண்ணெண்ணெயில் லீற்றருக்கு லீற்றர் சக்தி சற்றுக் குறைவு என்பதைக் கழித்தாலும் கையில் பதினைந்து சதவீதம் மிஞ்சும். ஓகஸ்டின் அந்த முதல் மூன்று கிழமைக்கு வேறு எந்த வித்தையும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் சுழல் பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதன் உராய்வைத் தணிக்கிறது. வழுக்கும் தன்மை குறைந்த மண்ணெண்ணெய் அதன் உள்ளுறுப்புகளைத் தேய்க்கும், அந்தக் கணக்கு சில மாதம் கழித்துக் கராஜில் வரும். கரையில் இயந்திரப் படகுகள் அதே மண்ணெண்ணெய்க்காகக் காத்துக்கிடந்தன என்பது இன்னொரு கணக்கு. கெப்பின் டேங்குக்குள் போன ஒவ்வொரு லீற்றரும் ஒரு மீனவரின் லீற்றர். ஓகஸ்ட் 22இல் மண்ணெண்ணெய் 340 ஆனது. அதே கலவை 412 ரூபா. மிச்சம் நான்கு சதவீதம், பம்ப் தேய்மானம் மட்டும் பழையபடி. அதன் பிறகும் கலந்தவர்கள் பழக்கத்துக்காகக் கலந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கராஜ் வேலைகளில் நியாயம் அதிகம். பழைய எஞ்சினில் பம்ப், எக்ஸலேட்டரையும் எஞ்சின் வேகத்தையும் பார்த்து டீசலை அனுப்புகிறது. உள்ளே எவ்வளவு காற்று வந்தது என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. காற்று வடிகட்டி அடைத்தால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். நொசில் சொட்டினாலும் அப்படியே. நெல் அறுவடைத் தூசிக்குள்ளும் கடற்கரை மணலுக்குள்ளும் ஓடுகிற வண்டிகளுக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கையைப் பெரும்பாலோர் மடித்து வைத்துவிடுகிறார்கள். சென்ற வருடத்துத் தாளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும்: புகை அளவு கூடியிருந்தால் டீசல் வீணாகிறது. பரிசோதனைக்கு முன் பம்பின் இஸ்குறூவைக் குறைத்து, பாஸான பின் பழையபடி கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சிக்கனமான அளவு அந்த ஒரு நாளுக்கு மட்டும்.

டயர் காற்று பற்றி அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தரும் அளவு, நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம். பத்து குறைந்தால் இரண்டு சதவீதம். நம் டேங்க் கணக்கில் பிடிபடாது, ஆனால் ஆய்வுகூடத்தில் பிடிபட்டது. காற்று அடிக்கச் செலவு ஒன்றுமில்லை என்பதால் வாதமும் வேண்டாம்.

இனி ஓட்டுபவரின் கால். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைச் சந்தி வரை பிரதான வீதியில் ஒரு மாலை நேரம்: முச்சக்கரவண்டி, சைக்கிள், உழவு இயந்திரம், குறுக்கே ஆடு, பள்ளி விட்டு வரும் கூட்டம். இரண்டரைத் தொன் வண்டியை 60 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டிய சக்தி ஏறத்தாழ 350 கிலோயூல். டீசலில் உள்ள சக்தியில் முப்பது சதவீதமளவே சக்கரத்துக்குப் போய்ச்சேரும் என்று வைத்தால், அதற்குச் செலவாவது 32 மில்லிலீற்றர், இரண்டு மேசைக்கரண்டி. பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அந்த இரண்டு கரண்டியும் பிரேக் தட்டில் சூடாகப் போய்விடுகிறது. 460 ரூபாக் காலத்தில் ஒரு நிறுத்தம் பதினைந்து ரூபா. முன்னால் கூட்டம் தெரிந்ததும் காலை எடுத்து உருளவிட்டால், அதே தூரத்தில் பத்து நிறுத்தத்தை ஐந்தாக்கலாம். மீன் ஏற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும் இதே கணக்கில் சேரும்: மணிக்கு அரை லீற்றருக்கு மேல். உகனை தாண்டிய நேர்ப்பாதையில் 60இலிருந்து 90க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. மேலே உயரமாகப் படங்கு கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். சாதனங்கள் அத்தனையையும் சேர்த்தாலும் இந்த மூன்றுக்கு ஈடாகாது என்பது என் முடிவு. கடையில் விற்க முடியாததால்தான் இவற்றைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அதையும் தாண்டி ஒரு குறை கேள்வியிலேயே இருக்கிறது. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது சவாரி வண்டிக்கு உரிய கேள்வி. கெப் சுமக்க வாங்கியது. ஒரு தொன் ஏற்றிக்கொண்டு லீற்றருக்கு ஒன்பது ஓடும் வண்டியும், ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு ஓடும் அதே வண்டியும் ஒன்றா? முதலாவதுதான் சிக்கனம். முக்கால் தொன்னுக்குள் அடங்கும் சுமையை அக்கரைப்பற்றுக்கோ மருதமுனைக்கோ கொண்டுபோக 2800 சிசி எஞ்சின் எதற்கு? அதற்கு 700 சிசி அளவான இரண்டு சிலிண்டர் பட்டா லொறி போதும், இந்தச் சமதரைக் கரையில் அதற்கு மூச்சு முட்டப்போவதில்லை. கண்டிக்குப் போன கெப் வெறுமையாகத் திரும்பாமல் மரக்கறி ஏற்றி வந்தால் வரும் மிச்சத்தை எந்த நொசிலும் தராது.

புது வண்டி வாங்கினால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இறக்குமதி 2025இல் மறுபடி திறந்தது. ஒன்பது ஓடும் பழையதை விட்டுப் பன்னிரண்டு ஓடும் புதியதை எடுக்கிறீர்கள், வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். மிச்சம் 555 லீற்றர். லீற்றர் 300 ரூபாவாகக் கணக்கிட்டால் வருடத்துக்கு ஒன்றே முக்கால் இலட்சத்தைத் தொடாது. புது வண்டிக்கு ஒரு கோடி கூடுதலாகப் போட்டால் டீசல் மிச்சத்தில் அது திரும்பி வர அறுபது வருடம். வேறு காரணத்துக்காக வாங்குங்கள்.