தாளிப்பனையின் இலையழகு

அபூர்வ விருக்ஷங்களை வளர்த்து ரசிப்பவர்களிடம், குடைப்பனை என்றும் வழங்கும் தாளிப்பனையைப் பற்றிப் பேச்செடுத்தால், 30 ஆண்டு முதல் 80 ஆண்டு வரை வளர்ந்த பின் ஆயுளில் ஒரே முறை அது பூக்கும் அதிசயத்தையே முதலில் சொல்லுவார்கள். உச்சியில் 6 மீட்டருக்கு மேல் எழும் அந்தப் பூங்கொத்து, கிளைத்துப் பூக்கும் கொத்துகளில் உலகிலேயே மிகப் பெரியது என்பதும், அடிமரத்தில் சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் பூவுக்கும் காய்க்கும் செலவிட்டுவிட்டு மரம் பட்டுப்போகிறது என்பதும் உண்மையே. ஆயினும், அதன் சௌந்தர்யம் பூரணமாக விளங்குவது இலையிலேதான் என்பது என் துணிபு.

மலையாளக் கரையையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் விதை முளைக்கும்போது, பனங்கொட்டையிற்போலவே ஒரு குழல் மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியிலிருந்தே வேரும் குருத்தும் கிளம்புவதால், தொட்டியில் வளர்த்துப் பெயர்த்து நடுவதைக் காட்டிலும், வெயிலும் ஈரமும் சுற்றிலும் விசாலமும் உள்ள ஸ்தலத்தில் விதையையே ஊன்றிவிடுவது உத்தமம். பல ஆண்டுகள் அடிமரமே தோன்றாமல், மண்ணிலிருந்து நேராக விசிறி விசிறியாக ஓலைகள் எழுந்து நிற்கும்.

குருத்து விரியும் பருவத்தில் அருகே சென்று பார்க்க வேண்டும். ஈட்டிபோல் எழுந்த குருத்து, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, வளர்ந்த மரத்திலே 5 மீட்டர் அகலம்வரை விரிகிறது. கருக்கு மட்டையோடு நின்றுவிடாமல், நடுநரம்பு ஓலைக்குள்ளும் ஓடி வளைவதால், பரப்பு முழுவதும் தட்டையாகக் கிடக்காமல் லேசாகக் குழிந்து, நண்பகல் வெயிலைப் பச்சை ஒளியாக்கிக் கீழே இறக்குகிறது.

இந்த இலையின் மேன்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். விரியாத குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டுச் செய்த ஏடு, பனையேட்டைவிட நீளமும் மென்மையும் உடையதாதலால், எழுத்தாணிக்கு இணங்கி எத்தனையோ கிரந்தங்களைத் தாங்கியது. கண்டி ராஜ்யத்தில் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681-இல் வெளிவந்த தம் நூலில், இவ்வோலை குடையாகவும் போர்வீரர்களுக்குக் கூடாரமாகவும் பயன்பட்டதை வியந்து எழுதியிருக்கிறார்.

பூவை நாடி இதை நடுகிறவர் ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டும். காத்தபின் கிடைக்கும் காட்சியோ மரத்தின் முடிவுக்குத் தொடக்கம். இலையை நாடி நடுகிறவருக்கு, ஒவ்வொரு குருத்தும் முந்தியதைவிடப் பெரிதாக விரிவதால், ஆண்டுதோறும் ரசனைக்குப் புதிய விருந்து உண்டு. இடமுள்ளவர்கள் அந்த ஆனந்தத்துக்காகவே இதை நட வேண்டும்.