ஒரே செம்பு, இரண்டு கணக்கு

தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரான மரக்காணத்தில் வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டுக்கும் கம்பிக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மின்வயருக்குக் காட்டுவதில்லை. "பாயின்ட்டுக்கு இவ்வளவு" என்று வயர்மேனிடம் கூலி பேசியதோடு வயரிங் பற்றிய பேச்சே முடிந்துவிடுகிறது. எந்தச் சுற்றில் எத்தனை வாட், வயர் ஓடும் தூரம் எவ்வளவு, அதற்கு எத்தனை ஸ்கொயர் எம்எம் வேண்டும் என்ற கணக்கு வயர்மேனின் பழக்கத்தில் இருக்கும், தாளில் இருக்காது. உள்நாட்டு ஊர்களில் இது ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். உப்பளமும் கழுவெளியும் கடலும் சூழ்ந்த ஊரில் தாக்குப்பிடிக்காது.

கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னார், ஆனையிறவு, புத்தளம் ஆகியவையும் உப்பு விளையும் கரைகள்தான். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே. வயரும் அதே செம்பு, அதே பிவிசி உறை. ஆனால் ஒரு வீட்டுக்கு லோடு கணக்கிட்டு வயர் தேர்ந்தெடுக்கும் முறையில் இரு நாடுகளும் இரு வழிகளில் போயிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உப்புக்கரை வீட்டுக்கு எந்த வழியிலிருந்து எதை எடுக்கலாம் என்பது தெளிவாகும்.

எங்கிருந்து தொடங்குவது?

இந்திய முறை பாயின்ட்டை எண்ணித் தொடங்குகிறது. 1989-இல் வந்த ஐஎஸ் 732 விதித்தொகுப்பின் வழக்கப்படி, விளக்கு, மின்விசிறி, சிறு சாக்கெட்டுகள் சேர்ந்த ஒரு சுற்றில் 10 பாயின்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் கூடாது. எந்தப் பொருள் வரும் என்று தெரியாத இடத்தில் மின்விசிறிக்கு 60 வாட், சிறு சாக்கெட்டுக்கு 100 வாட், 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டுக்கு 1000 வாட் என்று வைத்துக்கொள்வார்கள். ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்குத் தனிச் சுற்று. கனமான பொருளுக்குத் தனிப் பாதை என்பதே இந்த முறையின் பலம்.

இலங்கை பிரித்தானிய விதிநூலைப் பின்பற்றுகிறது. உருண்டை முனை கொண்ட 5, 15 ஆம்பியர் பிளக்குகளை இரு நாடுகளும் ஆங்கிலேயரிடமிருந்தே பெற்றன. இந்தியா அதையே 6, 16 ஆம்பியராக்கிக்கொண்டு தொடர்ந்தது. இலங்கையோ சதுர முனை 13 ஆம்பியர் பிளக்கைத் தேசியத் தரமாக ஏற்றது; 2018 முதல் மற்ற வகைகளின் விற்பனைக்குத் தடை விதிக்கும் முடிவைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எடுத்தது. இந்தப் பிளக்கின் உள்ளேயே ஒரு ஃப்யூஸ் இருக்கிறது. அதனால் சாக்கெட்டுகளை எண்ண வேண்டியதில்லை. தரைப்பரப்பை அளந்தால் போதும். 2.5 ஸ்கொயர் வயரை வளையமாகச் சுற்றி, இரு முனைகளையும் ஒரே 32 ஆம்பியர் எம்சிபியில் இணைத்தால் 100 சதுர மீட்டர் பரப்புக்கு அது போதும் என்கிறது அந்த முறை.

கடையில் வயர் கேட்கும் விதமும் வேறு. நம் கடைகளில் "ஒன்றரை", "இரண்டரை" என்று ஸ்கொயர் எம்எம்மில் கேட்கிறோம். மூத்த வயர்மேன்கள் இன்னும் 3/20, 7/20 என்ற பழைய கேஜ் கணக்கில் பேசுவார்கள். இலங்கையில் 1/1.13, 7/0.67, 7/1.04 என்று கேட்பார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஓர் இழையின் விட்டம் மில்லிமீட்டரில். 0.67-ஐ வர்க்கமாக்கி 0.785-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 2.5 வரும். அதாவது நம் இரண்டரை வயரேதான்.

மரக்காணத்தில் ஒரு வீடு

இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கும் மின்விசிறியும் 380 வாட், ஆறு சிறு சாக்கெட் 600, ஃப்ரிட்ஜ் 200, வாஷிங் மெஷின் 500, மிக்ஸி 750, தண்ணீர் மோட்டார் 1100, ஏசி 1700, அயர்ன் பாக்ஸ் 1000, வாட்டர் ஹீட்டர் 2000. மொத்தம் 8,230 வாட். 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 36 ஆம்பியர். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. மாலையில் ஏசி, மோட்டார், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், சில விளக்குகள் சேர்ந்தால் சுமார் 4,000 வாட். பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் 22 ஆம்பியர் வரை போகும். இந்தச் சலுகைக் கணக்குக்கு பிரித்தானிய வழிகாட்டியில் தெளிவான வாய்பாடு உண்டு: வீட்டு விளக்குகளுக்கு 66 சதவீதம், சாக்கெட் சுற்றுகளில் பெரியதற்கு முழுமையாகவும் மற்றவற்றுக்கு 40 சதவீதமும். நம் ஊரில் இதை ஊகத்தில் செய்கிறோம். வாய்பாட்டில் செய்தால் மெயின் வயர் தேவைக்கு மேல் பருக்காது. தேவைக்குக் கீழும் இளைக்காது.

அடுத்தது வெப்பம். பிரித்தானிய அட்டவணைகள் சுற்றுப்புறம் 30 டிகிரி என்று வைத்து எழுதப்பட்டவை. இந்தியத் தர அட்டவணைகள் 40 டிகிரியை அடிப்படையாகக் கொள்கின்றன. 30 டிகிரி அட்டவணைப்படி பைப்புக்குள் செல்லும் 2.5 ஸ்கொயர் வயர் 24 ஆம்பியர் தாங்கும். மே மாதத்தில் தளக் கான்கிரீட்டுக்குள் 45 டிகிரி என்றால் அதை 0.79-ஆல் பெருக்க வேண்டும்: 19 ஆம்பியர். அதே பைப்பில் இன்னொரு சுற்றும் ஓடினால் மேலும் 0.8: வெறும் 15 ஆம்பியர். அந்த வயரை 20 ஆம்பியர் எம்சிபி காக்காது. எம்சிபி விழாமலே வயர் சூடாகி உறை கருகும். அந்த இடத்தில் 4 ஸ்கொயர்தான் சரி. வடக்கே மன்னாரில் 30 டிகிரி அட்டவணையைத் திருத்தாமல் பயன்படுத்தினாலும் இதே ஆபத்து உண்டு. இந்த ஒன்றில் நம் 40 டிகிரி வழக்கத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தூரம். வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி 7 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் இருக்கிறது என்போம். ஒன்றரை ஸ்கொயர் வயர் ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 29 மில்லிவோல்ட்டை விழுங்கும். ஓடும்போது இழப்பு 8 வோல்ட், அது 3.5 சதவீதம்தான், விளக்கல்லாத சுற்றுக்கு இரு நாடுகளும் இன்று ஏற்கும் 5 சதவீத வரம்புக்குள்ளேயே அடங்கும். ஆனால் புறப்படும் நொடியில் மோட்டார் ஐந்து மடங்கு இழுக்கும். அப்போது 40 வோல்ட் காணாமல் போகும். டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவான கடைசி வீட்டில் வோல்டேஜ் ஏற்கெனவே குறைந்திருந்தால் மோட்டார் முனகியபடி நின்று காயில் எரியும். 4 ஸ்கொயர் போட்டால் புறப்படும்போதுகூட இழப்பு சுமார் 15 வோல்ட்தான்.

உப்பு செய்யும் வேலை

எந்த அட்டவணையிலும் இல்லாத காரணி உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரையில் பல இரவுகளில் இது நடக்கும். சுவிட்ச் போர்டுக்குள் படிந்த மெல்லிய உப்பு அப்போது மின்சாரம் கசியும் பாதையாகிறது. செம்பு பச்சை பூக்கிறது, திருகு துருவேறித் தளர்கிறது. இணைப்பில் 0.1 ஓம் தடை கூடினாலும் 10 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு புள்ளியில் 10 வாட் வெப்பம் பிறக்கும். வயரின் கனத்தை எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும் தீ அங்கிருந்துதான் தொடங்கும்.

இலங்கையின் வளையச் சுற்று உப்புக்கரைக்கு ஏன் பொருந்தாது என்பதும் இங்கே புலப்படும். வளையத்தில் ஓர் இணைப்பு அரித்து அறுந்தாலும் எல்லாச் சாக்கெட்டும் வழக்கம்போல வேலை செய்யும். வீட்டாருக்கு எதுவும் தெரியாது. ஆனால் இரு பாதைகளில் பிரிந்த 32 ஆம்பியர் இப்போது ஒரே பாதையில், 24 தாங்கும் வயரில் ஓடலாம். நம்மூர் தனிப்பாதைச் சுற்றில் இணைப்பு அறுந்தால் சாக்கெட் செத்துப்போகும். கோளாறு உடனே வெளிப்படும். துருப்பிடிக்கும் ஊரில் பாதுகாப்பானது அதுவே.

எர்த் விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. நாம் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி, "எர்த் நன்றாக இருக்கிறது" என்று நிம்மதி அடைகிறோம். மரக்காணத்தில் மண்ணே உப்பு. எர்த் தடை குறைவாகவே இருக்கும், ஆனால் இரும்புப் பைப்பை அந்த மண் வேகமாக அரிக்கும். நல்ல எர்த்தே 5 ஓம் என்று வைப்போம். பொருளின் உடலில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்த 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி நொடியில் விழ 160 ஆம்பியர் வரை வேண்டும். அது சூடேறி விழுவதற்குள் தொட்டவர் உயிர் போய்விடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபிக்கோ எர்த் தடை நூறு ஓம் ஆனாலும் கவலையில்லை.

இலங்கையில் "ட்றிப் சுவிச்" என்று அழைக்கப்படும் இந்த ஆர்சிசிபி இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது. தகுதியுள்ளவர் சோதித்து ஒப்பமிட்ட அறிக்கையும் வேண்டும். தமிழ்நாட்டிலும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அண்மை ஆண்டுகளில் இந்த வகைக் கருவியை (ஆர்சிடி) கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் முன்பே கட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. வைத்த வீடுகளிலும், மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அது விழுவது உப்புக்கசிவு இருக்கிறது என்ற எச்சரிக்கை. வீடு முழுவதுக்கும் ஒன்று என்றில்லாமல் மோட்டாருக்கும் வெளிவிளக்குக்கும் தனியாக ஒன்று வைத்தால், தோட்டத்துக் கசிவுக்காக வீடு இருளாது.

கதவில் ஒட்ட ஒரு தாள்

ஆகவே உப்புக்கரை வீட்டுக்கு என் பரிந்துரை இரு நாட்டுக் கலவை. இந்தியாவிலிருந்து 40 டிகிரி அட்டவணையும், கனமான பொருளுக்குத் தனிச் சுற்றும். இலங்கையிலிருந்து சலுகைக் கணக்கின் வாய்பாடும், ஆர்சிசிபி இல்லாமல் இணைப்பில்லை என்ற கண்டிப்பும், சோதனை அறிக்கையும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. அப்படியொரு வெள்ளம் வடிந்ததும் சுவிட்சைப் போடும் முன் 500 வோல்ட் மெக்கரால் இன்சுலேஷனைச் சோதிக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் சுற்றை உயிர்ப்பிக்கக் கூடாது.

வீடு கட்டுகிறவர் வயர்மேனிடம் கூலி பேசும்போதே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஒவ்வொரு சுற்றின் வாட், தூரம், வயர் அளவு, எம்சிபி அளவு, எர்த் சோதித்த தேதி எல்லாம் எழுதிய ஒரு தாள். அதை டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து இரண்டாவது ஏசி வாங்கும் மகனோ மருமகளோ அதைப் பார்த்து, இந்த வயர் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று தாங்களே கணக்கிட முடியும்.